கல் பார்க்கும் படலம்

மனிதர்களில் கோபக்காரர், கஞ்சர், வாயாடி, தூங்குமூஞ்சி என்று பல வகை உண்டு. இவர்களையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். இவர்கள் யாரோடும் சேராமல், எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நிற்கிற இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் ‘இன்னும் ஒரு கடை பார்த்துடலாம்’ இனம். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். வம்புதும்புக்குப் போக மாட்டார்கள், கடன் வாங்க மாட்டார்கள், நாலு பேருக்கு நல்லது செய்யத் துடிப்பவர்கள். ஒரு பொருளை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வாங்கலாம் என்றும் சொல்ல மாட்டார்கள். விசாரிப்பார்கள். விசாரித்ததை எழுதி வைப்பார்கள். எழுதி வைத்ததை இன்னொருவரிடம் காட்டி, சரிதானா என்று விசாரிப்பார்கள். பிள்ளைக்குத் தொட்டில் வாங்கக் கிளம்பியவர் வீடு திரும்புவதற்குள் அந்தப் பிள்ளை சைக்கிள் கேட்கும்.

இந்த இனத்தின் லட்சணம் அத்தனையும் பொருந்திய ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் கல் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர்தான் நிலைத்தது: சாம்பிள் சார்.

சாம்பிள் சாருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. வரிசையாக நகர்ந்து வரும் பெட்டிகளில் கோணல், கிழிசல், ஒட்டாத மூலை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்து ஒதுக்கிப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ‘இது வேண்டாம்’ என்று சொல்வதற்கே சம்பளம் வாங்கிய மனிதர், ‘இது வேண்டும்’ என்று சொல்ல எங்கே போய்ப் பழகுவார்? அவர் மனைவிக்குத் தையல் தொழில். ஜன்னல் திரை, மெத்தை உறை, மேசை விரிப்பு என்று வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுப்பவர். முன்னறையில் பாதியை அவருடைய துணி வெட்டும் மேசை அடைத்துக்கொண்டிருக்கும். ஆறடி நீளம், நாலடி அகலம். தச்சரைப் பக்கத்தில் நிற்கவைத்து, தன் உயரத்துக்கு அளந்து செய்யச் சொன்ன மேசை. அந்த வீட்டில் சொன்ன நாளில் வந்து சேர்ந்த ஒரே பொருள் அதுதான். காரணம், அதை வாங்கும் பொறுப்பு கணவரிடம் போகவில்லை.

ஒருநாள் காலையில் அந்த அம்மாள் குக்கரை இறக்கி வைத்தபோது, சமையலறை மேடை ‘மளுக்’ என்று நடுவில் பிளந்தது. தொட்டிக்கு அடியில் பல வருடமாகத் தண்ணீர் கசிந்து உள்ளே கம்பி துருப்பிடித்துப் போயிருந்தது. கொத்தனார் வந்தார். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுப்போட்டுப் பிரயோஜனம் இல்லை, மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும், கல் மட்டும் வந்துவிட்டால் மூன்று நாள் வேலை என்றார். இடிக்கிற வேலையை அன்று மாலைக்குள் முடித்தும் விட்டார். ஏதாவது ஒரு கல்லைச் சீக்கிரமாகப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று மனைவி சொன்னார். சாம்பிள் சார் சிரித்தார். நிலாவைப் பிடித்துத் தா என்று கேட்கிற குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

“அவசரப்பட்டு ஒண்ணைப் போட்டுட்டு, அப்புறம் இருபது வருஷம் அதையே பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா? ஒரு நாலு நாள் குடு.”

நாலு நாள்தானே என்று மனைவியும் விட்டுவிட்டார். அடுப்பு, துணி வெட்டும் மேசையின் ஒரு முனைக்கு ஏறியது. துணி தரைக்கு இறங்கியது.

முதல் கடையில், கண்ணை மூடிக்கொண்டு கிரானைட் போடுங்கள் என்றார்கள். கத்திக்கும் அசையாது, சூட்டுக்கும் அசையாது. இரண்டாவது கடையில், கிரானைட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, எண்ணெயைக் குடிக்கும், வருடா வருடம் பூச்சு அடிக்க வேண்டும், அதனால் குவார்ட்ஸ்தான் சரி என்றார்கள். மூன்றாவது கடையில், குவார்ட்ஸ் என்பது கல்தூளும் பிசினும் கலந்து அழுத்தியது, கொதிக்கிற சட்டியை நேராக வைத்தால் தழும்பு விழும் என்றார்கள். மார்பிள் எலுமிச்சம்பழத்தைக் கண்டால் முகம் மங்கும். மரப்பலகை தண்ணீரைக் கண்டால் ஊதும். ஸ்டீல் தகடு போட்டால் கீறல் விழும், போதாததற்குக் கரண்டி கீழே விழும்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி மணியடிக்கும். டைல்ஸ் ஒட்டினால் இடுக்கில் அழுக்கு சேரும். ஒரு கல்லில் குறை சொல்ல அடுத்த கடைக்காரர் இருந்தார். அவர் கல்லில் குறை சொல்ல அதற்கடுத்த கடை இருந்தது. உங்களையும் என்னையும் போன்றவர்களாக இருந்தால் மூன்றாவது கடையிலேயே தலை சுற்றி, கைக்கு எட்டின கல்லை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்திருப்போம். சாம்பிள் சாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

கடைக்குக் கடை உள்ளங்கை அளவில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தார். பதினேழு துண்டுகள் சேர்ந்தன. முதுகில் எண் எழுதி, ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் படுக்கவைத்து, ஒன்றன் மேல் எலுமிச்சைச் சாறு, ஒன்றன் மேல் மஞ்சள், ஒன்றன் மேல் பீட்ரூட் சாறு, ஒன்றன் மேல் பேனா மை என்று ஊற்றி, ஆறு மணி நேரம் ஊறவிட்டு, துடைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, நோட்டுப் போட்டு எழுதினார். ‘எண் ஆறு: லேசான கறை. நேராகப் பார்த்தால் தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது.’ சமையல் மேடையைச் சாய்த்துப் பார்க்கிறவர் யார் என்று கேட்காதீர்கள். மனைவி கேட்டார். நோட்டை மூடி வைத்துவிட்டு, இதெல்லாம் புரிய ஒரு பொறுமை வேண்டும் என்று பதில் வந்தது. அந்த மாதம் வீட்டுக்கு வாங்கிய எலுமிச்சம்பழம் அத்தனையையும் கல் குடித்தது. மனிதர்கள் வெறும் தண்ணீர் குடித்தார்கள்.

விசாரணையும் ஒரு பக்கம் நடந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் மருத்துவர் வாயிலிருந்து இடுக்கியை வெளியே எடுத்த அடுத்த நொடி, ரத்தம் துப்புவதற்கும் முன்னால், “டாக்டர், உங்க வீட்டு மேடை என்ன கல்லு?” என்று சாம்பிள் சார் கேட்டார். இன்னொரு நாள், கூட வேலை பார்ப்பவரின் தகப்பனார் காலமாகிவிட்டார் என்று துக்கம் விசாரிக்கப் போனார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவரை அரை மணி நேரமாகக் காணவில்லை. மனைவி தேடிப் போய்ப் பார்த்தால், சமையலறை மேடையை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில், தகப்பனைப் பறிகொடுத்த மகன் நின்றுகொண்டு, இந்தக் கல்லை வாங்கியதிலிருந்து தான் பட்ட பாட்டையெல்லாம் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று அந்த வீட்டில் மனம் விட்டுப் பேசியவர் அந்த மகன் ஒருவர்தான் என்று சாம்பிள் சார் வரும் வழியெல்லாம் பெருமைப்பட்டார்.

இரண்டு மாதம் ஓடியது. மனைவியின் தம்பி தன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க நினைத்து மாமாவிடம் யோசனை கேட்க வந்தான். மாமா பதினேழு கற்களையும் விரித்து வைத்து மூன்று மணி நேரம் பேசினார். தம்பி நன்றாகத் தலையாட்டினான். மறுநாள் கடைக்குப் போய், வாசலில் முதலில் நின்ற கல்லை எடுத்து, அந்த வாரமே மேடையைக் கட்டி, அக்காவையும் மாமாவையும் சாப்பிடக் கூப்பிட்டான். மாமா சாப்பிட்டார். கை கழுவினார். குனிந்து மேடையின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, இணைப்பு தெரிகிறதே என்று வருத்தப்பட்டார். அக்கா தம்பியின் மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் சும்மா நின்றார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இதற்குள் சாம்பிள் சாரின் புகழ் பரவிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள், இடிக்கிறவர்கள், கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் தேடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கல் கடைக்குப் போய், எந்தக் கல்லில் நரம்பு ஓடுகிறது, எந்தக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று புட்டுப் புட்டு வைப்பார். பெரிய கல் கடைக்காரர் இவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டு வைத்தார். இவர் வந்து போனால் மூன்று பேராவது கல் வாங்கிப் போகிறார்கள். இவர் ஒருவர்தான் வாங்குவதில்லை. ஊருக்கெல்லாம் மேடை வந்தது. சாம்பிள் சாரின் வீட்டில் அடுப்பு துணி மேசையில் எரிந்தது.

நாலாவது மாதம் மனைவிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. புதிதாகத் திறக்கப்போகிற ஒரு மருத்துவமனைக்கு நாற்பது ஜன்னல் திரைகள். இவை சரியாக இருந்தால் மேல் மாடிக்கும் உங்களிடமே தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். தையல் தொழிலில் அவருக்கு வந்த வேலைகளிலேயே இதுதான் பெரியது. மேசையில் பாதியை அடுப்பும் பாத்திரமும் பிடித்துக்கொண்டதால், அவ்வளவு துணியையும் தரையில் விரித்து, மண்டி போட்டு, தவழ்ந்து தவழ்ந்து வெட்டினார். வெட்டி முடித்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது. தைத்த திரைகளை மடித்து வைக்கவும் வேறு இடம் இல்லை. அதே அறையில்தான் வெங்காயம் வதங்கியது, எண்ணெய் தெறித்தது.

திரைகளைக் கொடுத்து, மருத்துவமனை திறந்த இரண்டாம் நாள் அங்கிருந்து கூப்பிட்டார்கள். மூன்று திரைகளில் எண்ணெய்ப் பொட்டு இருக்கிறதாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சைக்காகக் காலையிலிருந்து பட்டினி கிடக்கும் நோயாளி, திரையைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, வெங்காய வாசம் பிடித்து, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிறாராம். நாற்பதையும் எடுத்துப் போய்த் துவைத்துத் தரச் சொன்னார்கள். மேல் மாடி வேலையை வேறு ஒருவரிடம் பேசிவிட்டதாகவும், கோபமே இல்லாமல், மரியாதையாகச் சொன்னார்கள்.

சாம்பிள் சார் அன்று மாலை பதினெட்டாவது துண்டோடு வீட்டுக்கு வந்தார். முன்னறையில் திரைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. மேசையில் அடுப்பைக் காணவில்லை. இடித்துப்போட்ட சமையலறையில், வெறும் தரையில், நடுவில் அடுப்பு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பாத்திரங்கள். மனைவி மேசையைச் சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். குரல் ஏறவில்லை.

“இனிமே இந்த மேசை என் வேலைக்கு மட்டும்தான். மேடை வர்ற வரைக்கும் சமையல் நீங்க.”

ஏறின குரலுக்குப் பதில் சொல்லிப் பழகியவர் அவர். ஏறாத குரலைக் கேட்டதும், துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

முதல் நாள் சாதம் வைத்து முட்டை பொரிப்பது என்ன பிரமாதம் என்றுதான் நினைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் பழைய கதவு போல் முனகின. முட்டையை எடுக்க எழுந்தார். உட்கார்ந்தார். உப்புக்கு எழுந்தார். உட்கார்ந்தார். சட்டி காய்ந்து புகைந்தபோதுதான் கையில் இருக்கிற கொதிக்கும் மூடியை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி பிறந்தது. நாலு மாதமாகக் கல்லைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. கையைச் சுட்டுக்கொண்டபின் ஓடிப்போய் ஜன்னல் விளிம்பிலிருந்து எண் பதினாலைக் கொண்டுவந்து தரையில் வைத்து, அதன் மேல் மூடியை வைத்தார். வெங்காயம் நறுக்க எண் ஒன்பது. கரண்டி வைக்க எண் மூன்று. மூன்றாம் நாளுக்குள் ஜன்னலில் இருந்த கற்கள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன.

அவரை உலுக்கியது முழங்கால் வலி அல்ல. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவி முடித்துக் கற்களையும் கழுவியபோது, பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மூடி வைத்ததும், நறுக்கியதும், எண்ணெய் கொட்டியதும் ஒன்றுபோல் இருந்தன. மார்பிள் துண்டு மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றவற்றில் எதன் மேல் எதை வைத்தோம் என்று, முதுகில் இருக்கிற எண்ணைப் பார்க்காமல், அவரால் சொல்ல முடியவில்லை. ஈரக்கையோடு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முன்னறையில் மனைவி துவைத்த திரைகளை இஸ்திரி போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நாற்பதில் எத்தனையாவது திரையோ.

மறுநாள் தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பெரிய கல் கடைக்குப் போனார். தனியாக வந்திருப்பதைப் பார்த்துக் கடைக்காரரே எழுந்து வந்தார். இன்று எனக்குத்தான் கல் என்றார் சாம்பிள் சார். கடைக்காரர் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, நல்ல கல்லாக ஒன்றை நிமிர்த்தி நிறுத்தச் சொல்லி, வெட்டட்டுமா என்று கேட்டார். வெட்டின பிறகு திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் வழக்கம் போல் சொல்லி வைத்தார். அந்த வார்த்தை போதும். சாம்பிள் சார் கல்லிலிருந்து ஓரடி விலகி நின்றார். பேச்சை மாற்றுவதற்காக, உங்கள் வீட்டில் என்ன கல் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“எங்க வீட்லயா சார்? விக்காம கெடந்த துண்டுங்களை எல்லாம் சேர்த்து ஒட்டினதுதான். ஒரு கலர் மாதிரி இன்னொண்ணு இருக்காது. என்ன கல்லுன்னு எனக்கே மறந்துபோச்சு. ஆனா ஒண்ணு சார், சமைக்கிறவங்க யாரோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நீங்க நாலு மாசமா வர்றீங்க, அம்மாவை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே.”

பல் மருத்துவரைக் கேட்டாயிற்று. துக்க வீட்டில் கேட்டாயிற்று. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரையும் விடவில்லை. ஒரே ஒருவர் பாக்கி என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல், கையில் இருந்த நூலைக் கடித்துவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே கிளம்பி வந்தார்.

கடையில் அந்த அம்மாள் எந்தக் கல்லின் நிறத்தையும் முதலில் பார்க்கவில்லை. கல் அடுக்கியிருந்த மரச்சட்டத்தின் பக்கத்தில் போய் நின்று, முழங்கையை மடக்கி, கழுத்திலிருந்த நாடாவால் தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார்.

“மேடை மூணு விரக்கடை ஏத்தி இருக்கணும். பழைய மேடையில பதினாறு வருஷமா குனிஞ்சே நின்னுட்டேன். கல்லு எதுவா இருந்தா என்ன? இதோ, இந்தச் சாம்பல் கலர் போதும். அழுக்கு தெரியாது, நூல் விழுந்தா தெரியும்.”

நோட்டுப் புத்தகத்தில் பதினெட்டுக் கற்கள் இருந்தன. கறை இருந்தது, கீறல் இருந்தது, சாய்த்துப் பார்த்த குறிப்பு இருந்தது. உயரம் என்று ஒரு வரி இல்லை. கடைக்காரர் வெட்டலாமா என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். சாம்பிள் சாரின் ஆள்காட்டி விரல் தன்னால் மேலே எழுந்தது. அந்தச் சாம்பல் நிறக் கல்லில் வலது மூலையில் ஒரு சிறு புள்ளி இருந்தது. இருபத்திரண்டு வருடத் தொழில் அதை எப்படி விடும்? மனைவி திரும்பிப் பார்த்தார். விரல் காதோரம் போய்ச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது.

கொத்தனார் சொன்னபடியே மூன்று நாள்தான் ஆனது. நாலாம் நாள் மனைவி நிமிர்ந்து நின்று சமைத்தார். ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மேல் மாடித் திரைகள் கைவிட்டுப் போனதற்குத் தான்தான் காரணம் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு, முதல் முறையாகச் சொன்னார்.

“தெரியும்,” என்றார் மனைவி. சட்டியைக் கிண்டினார். “அந்தத் தட்டை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். மேல் மாடி வேலை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து ஒரு தலையணை உறைகூட வரவில்லை. அடுத்த இரண்டு மாதம் மேசை விரிப்பும் மெத்தை உறையுமாகத்தான் போனது. வெட்டின துணியை மடித்துக் கொடுக்கும் வேலையைக் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓரம் சரியாக இல்லை என்று ஒரு துணியைக்கூட ஒதுக்கிப் போடவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்துவதில்லை, கட்சி மாறும். இப்போது சாம்பிள் சார் யாரிடமும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கல்லில் என்ன இருக்கிறது, எல்லாம் உயரத்தில் இருக்கிறது என்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, வீட்டில் சமைப்பவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி அளந்துவிட்டு, உங்கள் மேடை தப்பு என்று அறிவிக்கிறார். அவர் சொல்வது சரி என்பதுதான் இதில் கொடுமை. போன வாரம் அவர் போய்வந்த இரண்டு வீடுகளில், நன்றாக இருந்த மேடையை இடிப்பதா வேண்டாமா என்று பேச்சு நடக்கிறதாம்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். படிக்கும்போதே உங்களுக்கு ஓர் அண்ணனோ, அலுவலக நண்பரோ, சம்பந்தியோ நினைவுக்கு வந்திருப்பார். இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று கை துறுதுறுக்கும். தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்தது? நீங்களாக எடுத்தீர்களா, அல்லது நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ விரித்து வைத்திருந்தார்களா? இந்தப் பக்கத்தின் மூலை ஏற்கெனவே மடிந்திருக்கிறதா, பாருங்கள்.